சாவியைத் திருப்பும் முன் டேங்கை முகர்ந்து பாருங்கள்

அப்பா ஓட்டிய கார் 6 வருடம் உறைக்குள் நின்றது. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்). அதைத் திரும்ப ஓடவைக்க வேண்டும் என்ற ஆசையில், புது பேட்டரி மாட்டியதும் செல்ஃப் அடித்துவிட்டேன். திக்கித் திணறி ஒரு நிமிடம் ஓடியது, நின்றது. அதற்கப்புறம், டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பின் சத்தமே இல்லை. டேங்கில் கிடந்த கழிவை நானே பெட்ரோல் லைன் முழுக்க அனுப்பியிருந்தேன். பம்பும் போய், இன்ஜெக்டர்களையும் கழற்ற வேண்டியதாயிற்று. நீண்ட நாள் நின்ற வண்டி உங்களிடம் இருந்தால், தயவுசெய்து சாவியை எடுத்து எங்காவது வைத்துவிட்டு டேங்கிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் எந்த வழியாக எஞ்சினுக்குப் போகிறதோ அதே வழியில் நாமும் போக வேண்டும்.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கெட்டுப்போன பெட்ரோலில் வார்னிஷ் வாடை அடிக்கும். சீக்கிரம் தீப்பிடிக்கிற லேசான பகுதிகள் ஆவியாகிப் போயிருக்கும். மிச்சம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசினாக மாறியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் எடுத்து கண்ணாடிப் பாட்டிலில் அசையாமல் வைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் தண்ணீர் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். மேலே புது பெட்ரோல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் சொல்வார்கள். ஆகாது. முழுவதையும் வெளியே எடுங்கள். திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க இந்த வேலையைச் செய்ய வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் பம்ப் கைக்கு வரும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். என் வண்டியில் பம்பின் அடியிலுள்ள வலை பழுப்புக் கூழால் மூடியிருந்தது, டேங்க் தரையில் மாவு போலத் துரு. டேங்குக்குள் இருக்கும் பம்ப், தன் வழியாக ஓடும் பெட்ரோலால்தான் குளிர்கிறது. வலை அடைத்தால் பெட்ரோல் ஓடாது, பம்ப் சூடாகிச் செத்துப்போகும். என்னுடையது போனதும் அப்படித்தான். டேங்கைக் கழுவி, வலையும் ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள்.

ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். இன்ஜெக்டருக்குப் பதில் கார்புரேட்டர் உள்ள வண்டிக்குப் போடும் ஹோஸ் இங்கே உதவாது. அங்கே அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) குறைவு. இங்கே 3 பார் அளவுக்கும், சில வண்டிகளில் அதற்கு மேலும் போகும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸும் கிளாம்பும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது டிப்ஸ்டிக், அதாவது எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி. எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு கூடியிருந்தாலோ, ஏதோ ஓர் இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகியிருக்கலாம். சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம், ஏனென்றால் திரவம் அமுங்காது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றுங்கள். ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, புது பெட்ரோல் ஊற்றிய பிறகு சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பம்ப் 2, 3 விநாடி முனகிவிட்டு அடங்க வேண்டும். எஞ்சின் சுற்றாத வரை காரின் கம்ப்யூட்டர் அதற்கு மேல் ஓடவிடாது. (மிகப் பழைய சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது மட்டுமே பம்ப் ஓடும்.) சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு ரிலேயை (பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்). அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது சுலபமான சோதனை. அப்புறம் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். பம்ப் ஓட வேண்டிய அந்த நேரத்தில், பேட்டரியில் உள்ள வோல்ட் ஏறக்குறைய அப்படியே அங்கும் வர வேண்டும். குறைந்தால் துருப்பிடித்த எர்த்தையும், எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். என் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே எலிக்கூடு இருந்தது.

பம்ப் ஓடுவதும் அழுத்தம் வருவதும் வேறு வேறு. அழுத்தம் அளக்கும் கேஜ் இல்லாமல் ஊகத்தில் பாகம் மாற்றாதீர்கள். கேஜ் மாட்ட லைனைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு செல்ஃப் அடித்து அழுத்தத்தை இறக்குங்கள். இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டே தளர்த்துங்கள். பெரும்பாலான பழைய மல்டிபாயின்ட் (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் உள்ள) கார்களில் 2.5 முதல் 3 பார் வரை காட்டும். போஷ் கே-ஜெட்ரானிக் போன்ற மெக்கானிக்கல் முறைகளில் 5 பார் அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை. அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (மெல்லிய தடுப்பு) கிழிந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகு அழுத்தம் சட்டென்று விழுந்தால் மூன்று இடங்களைச் சந்தேகிக்கலாம்: பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது), ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர்.

என்னை அதிகம் அலைக்கழித்தவை இன்ஜெக்டர்கள். எஞ்சின் கிளம்பியது, ஆனால் மிஸ் அடித்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஒவ்வோர் இன்ஜெக்டரின் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மூன்று இன்ஜெக்டர்களிலிருந்து டிக் டிக் சத்தம் தெளிவாக வந்தது; மூன்றாம் சிலிண்டரில் அமைதி. ரெசிஸ்டன்ஸ் அளந்தால் நான்கும் 14 ஓம். அதிக ரெசிஸ்டன்ஸ் வகையில் 12 முதல் 16 ஓம் வரை வருவது சரியான அளவுதான். குறைந்த வகையில் 2, 3 ஓம்தான் வரும். கனெக்டரைப் பக்கத்து இன்ஜெக்டரோடு மாற்றிப் போட்டும் அமைதி மாறவில்லை. ஆக, இன்ஜெக்டரைத் திறக்கும் மின்காயில் நன்றாக இருக்கிறது, சிக்னலும் வருகிறது, உள்ளே ஊசி பிசினில் ஒட்டியிருக்கிறது. இந்த இடத்தில் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பிடிக்க நினைப்பார்கள். காயில் எரிந்துவிடும், வேண்டாம். டேங்கில் ஊற்றும் கிளீனரும் முழுதாக அடைத்ததைத் திறக்காது, அதன் வழியே பெட்ரோல் போனால்தானே மருந்தும் போகும்? நான்கையும் கழற்றி அல்ட்ராசானிக் முறையில் சுத்தம் செய்யக் கொடுத்தேன், பாயும் அளவையும் ஒப்பிட்டு வாங்கினேன். திரும்பப் போடும்போது ஓ-ரிங்குகள் புதியவை, லேசாக ஆயில் தடவி. இந்தச் சின்ன ரப்பர் வளையத்தில் மிச்சம் பிடிப்பது எஞ்சினுக்கு மேல் பெட்ரோல் ஒழுகுவதில் முடியலாம்.

ஓடுகிறது, ஆனால் கறுப்புப் புகை வருகிறதா? கூலன்ட் வெப்ப சென்சாரைப் பாருங்கள். அதன் ஒயர் அறுந்தால் எஞ்சின் உறைபனியில் நிற்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை வாரி ஊற்றும். ஐடிலிங் ஏறி இறங்கினால், வெடித்த வேக்குவம் ஹோஸ் அல்லது பிசுக்கேறிய ஐடில் வால்வு.

நன்றாகக் கிளம்பிய பிறகும் பானெட்டை மூடாமல் பத்து நிமிடம் டார்ச்சோடு ஒவ்வோர் இணைப்பையும் பார்த்தேன். ஓட்டிய 100 கிலோமீட்டரில் ஃபில்டரை மறுபடி மாற்றினேன். பழையதை வெட்டிப் பார்த்தபோது, அவ்வளவு கழுவிய பிறகும் உள்ளே ஒரு சிட்டிகைத் துரு. அதற்கடுத்த ஃபில்டர் சுத்தமாக இருந்தது.