வெளிநாட்டில் ஓய்வுக்காலம்: எவ்வளவு பணம் வேண்டும்? தாய்லாந்துக் கணக்கை நான் போட்ட விதம்

துபாயில் 21 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 2023 அக்டோபரில் மனைவியுடன் தாய்லாந்தின் சியாங் மாய்க்கு வந்தேன். அப்போது எனக்கு 54, அவளுக்கு 48. வளைகுடாவில் இருக்கும் நண்பர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு வெச்சிருந்தா போதும்?" என்பதுதான். ஒரே தொகையாகப் பதில் சொன்னால் அது என் பதிலாகத்தான் இருக்கும், அவர்களுடையதாக இருக்காது. அதனால் கணக்கு போடும் முறையை எழுதுகிறேன். எண்களை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கு, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் இரண்டு வகை வங்கிக் கணக்குகள்) பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: மாதச் செலவை அந்த ஊரில் இருந்து எழுதுங்கள்

இணையத்தில் "மாதம் இவ்வளவு இருந்தால் ராஜா மாதிரி வாழலாம்" என்று வரும் வீடியோக்களை நம்பாதீர்கள். 2 மாதம் வாடகைக்கு வீடு எடுத்து, நீங்களே சமைத்துச் சாப்பிட்டு எழுதிய கணக்குதான் கணக்கு. எங்களுடையது, 2025 ஜூலையில் திருத்தியது, மாதத்துக்கு:

வாடகை 12,000 பாட் (தாய்லாந்து நாணயம்). மின்சாரம், தண்ணீர், இணையம் 3,000. சாப்பாடு 13,000. போக்குவரத்து 3,000. இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு 9,000. ஊருக்குப் போய்வர 6,000. இதர செலவு 6,000. ஆக மொத்தம் 52,000 பாட்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். நாங்கள் சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பாக 'ஜே' என்று தாய் எழுத்தில் போட்டிருக்கும் கடைகளில் மீன் சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள். அங்கே சாப்பிட்டால் செலவு குறைவு. ஆனால் உளுந்து, துவரம்பருப்பு, பெருங்காயம் எல்லாம் இறக்குமதிச் சாமான், விலை அதிகம். தினமும் இட்லி தோசை வேண்டும் என்றால் 13,000 போதாது. கறிவேப்பிலை மட்டும் பால்கனித் தொட்டியிலேயே நன்றாக வருகிறது.

ஊருக்குப் போய்வர 6,000 என்று போட்டதற்கும் காரணம் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வட தாய்லாந்தில் வயலையும் காட்டையும் எரிக்கும் காலம். முதல் வருடம் மார்ச்சில் ஒரு நாள் ஜன்னலைத் திறந்தேன். எதிரே இருக்கும் தோய் சுதேப் மலை மொத்தமாகக் காணவில்லை. மனைவிக்கு இருமல் மூன்று வாரம் நிற்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தக் காலத்தில் இரண்டு மாதம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் வாடகை கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்த இரட்டைச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 2: கணக்கை ரூபாயில் போடாதீர்கள்

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2015-இல் துபாயில் உட்கார்ந்து முதல் கணக்கு போட்டேன். அப்போது 1 பாட் 2 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாதம் 40,000 பாட் போதும் என்று நினைத்தேன். ரூபாயில் 80,000-க்கும் கீழே. அந்த எண்ணை மனதில் வைத்து, ஊரில் ரூபாய் டெபாசிட்டாகவே சேர்த்துக்கொண்டு வந்தேன். 2025 நடுவில் 1 பாட் 2.60 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே 40,000 பாட்டுக்கு அப்போது 1 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய் வேண்டும். தாய்லாந்தில் விலை ஒரு பைசாகூட ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் நிலை.

பத்து ஆண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம். ரூபாய் டெபாசிட்டில் 7 சதவீதம் வட்டி என்றால் கையில் 7 வருவதாக நினைக்கிறோம். பாட் நாணயத்தில் செலவு செய்பவருக்கு அதில் 3 மாற்று விகிதத்திலேயே போய்விடுகிறது. மீதி 4. அங்கே விலைவாசிக்கு 1.5 கழியுங்கள். நிற்பது 2.5. வட்டியை வைத்தே காலம் தள்ளலாம் என்று நான் நினைத்தது இங்கேதான் உடைந்தது.

ஆகவே செலவு, சேமிப்பு, வட்டி எல்லாவற்றையும் சாப்பிடப்போகும் நாட்டின் நாணயத்துக்கு மாற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். அமீரக நாணயமான திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டது. அதனால் வளைகுடாவில் சம்பாதிக்கும்போது இந்தச் சரிவு உறைக்காது. பணத்தை ரூபாயாக மாற்றிய மறுநாளிலிருந்து அது நம் தலையில் விழுகிறது. இப்போது என் சேமிப்பில் பாதி டாலரிலும் பாட்டிலும் இருக்கிறது. ஐந்தாறு வருடம் முன்பே அப்படி வைத்திருக்க வேண்டும்.

எதில் கணக்கு போடுவது? என் ஓட்டு கூகுள் ஷீட்டுக்கு. ஓய்வுக்கால கால்குலேட்டர் என்று வரும் செயலிகள் ஒரே நாடு, ஒரே நாணயம் என்று நினைத்துச் செய்யப்பட்டவை. நமக்கு உதவாது. கூகுள் ஷீட்டில் மாற்று விகிதத்தைத் தானாக எடுத்துவரும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள். விகிதம் நன்றாக இருக்கும் நாளில் திறந்து பார்த்தால் பணம் நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஷீட்டில் ஒரு கட்டத்துக்குள் விகிதத்தைக் கையால் எழுதி, பக்கத்திலேயே 15 சதவீதம் மோசமான விகிதத்தையும் எழுதி, இரண்டுக்கும் விடையைப் பாருங்கள்.

படி 3: ஆண்டுச் செலவை 30-ஆல் பெருக்குங்கள்

25-ஆல் பெருக்கச் சொல்வார்கள். அது 4 சதவீத விதி, அதாவது முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டி எடுத்துக்கொண்டே போவது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கப் பங்கு, பத்திர விவரங்களை வைத்து, 30 ஆண்டு தாங்குமா என்று பார்த்துச் சொன்னது. என் மனைவி என்னைவிட 6 வயது இளையவள். எங்களுக்கு 40 ஆண்டு தாங்கவேண்டும், நாணயமும் இரண்டு. அதனால் 30.

52,000 பாட் என்றால் ஆண்டுக்கு 6,24,000. ஊரில் ஒரு வீட்டை மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறோம். வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் போக ஆண்டுக்கு 60,000 பாட் நிற்கிறது. மீதி 5,64,000. அதை 30-ஆல் பெருக்கினால் 1 கோடியே 69 லட்சத்து 20 ஆயிரம் பாட்.

படி 4: தொடக்கூடாத பணத்தைத் தனியாகக் கூட்டுங்கள்

தாய்லாந்தில் ஓய்வுக்காலத் தங்கல் அனுமதிக்கு 50 வயது ஆகியிருக்கவேண்டும். 'நான்-இமிகிரன்ட் ஓ' விசாவில் வந்து, உள்ளே ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பு வாங்குவது வழக்கமான வழி. அதற்கு அந்த ஊர் வங்கியில் 8 லட்சம் பாட் இருக்கவேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவேண்டும். டெபாசிட் வழியில் போனால், விண்ணப்பத்துக்கு முன் 2 மாதமும் நீட்டிப்பு கிடைத்த பின் 3 மாதமும் 8 லட்சம் குறையக்கூடாது. மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது.

அதாவது இது உங்கள் பெயரில் இருக்கும், செலவு செய்யமுடியாத பணம். படி 3-இல் வந்த தொகைக்குள் இதை அடக்காதீர்கள்.

2024 டிசம்பரில் எனக்கு நடந்தது இது. கணக்கில் சரியாக 8,00,000 பாட் போட்டு வைத்திருந்தேன். நீட்டிப்புக்குப் போன குடியேற்ற அலுவலகத்தில், கவுன்ட்டரில் இருந்த அம்மா என் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே வந்து நவம்பரில் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 300 பாட். மிச்சம் 7,99,700. இரண்டு மாதக் கெடு உடைந்துவிட்டது, நீட்டிப்பு இல்லை என்றார். அவர்மேல் தப்பில்லை, விதி அப்படி. என் அனுமதி முடிய 18 நாள்தான் இருந்தது. நாட்டை விட்டு வெளியே போய், புதிதாக விசா வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். விமானக் கட்டணம், ஹோட்டல், விசாக் கட்டணம் என்று கிட்டத்தட்ட 70,000 பாட் போயிற்று. அந்த 300 பாட்டுக்காக.

இப்போது 8,20,000 பாட், தனிக் கணக்கு, கார்டு இணைப்பு கிடையாது, எந்த பில்லும் அதிலிருந்து போகாது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாய்லாந்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 10 லட்சம் பாட் வரை டெபாசிட் காப்புறுதி உண்டு. எனவே அந்தப் பணம் பத்திரம்தான்.

இதோடு மருத்துவத்துக்கு 15 லட்சம் பாட் ஒதுக்கியிருக்கிறேன். உள்ளே வாங்கும் 'ஓ' நீட்டிப்புக்குக் காப்பீடு கட்டாயமில்லை. வெளிநாட்டிலேயே வாங்கிக்கொண்டு வரும் 'ஓ-ஏ' ஓய்வுக்கால விசா என்றால் 30 லட்சம் பாட் காப்பீடு கட்டாயம். கட்டாயமோ இல்லையோ எடுத்துவிடுங்கள். வயது ஏற ஏற பிரீமியம் ஏறும், ஒரு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்க்கவே மாட்டார்கள். அந்த நாளுக்குத்தான் இந்த 15 லட்சம். வீட்டு முன்பணம், ஸ்கூட்டர், பாத்திரம் பண்டத்துக்கு 2 லட்சம்.

தனியாக வைப்பது ஆக 25,20,000 பாட்.

படி 5: கூட்டுங்கள்

1,69,20,000 உடன் 25,20,000 சேர்த்தால் 1 கோடியே 94 லட்சத்து 40 ஆயிரம் பாட். 2.60 ரூபாய் விகிதத்தில் சுமார் 5 கோடியே 5 லட்சம் ரூபாய். 15 சதவீதம் மோசமான விகிதத்தில் கிட்டத்தட்ட 5 கோடியே 81 லட்சம்.

மலைப்பாக இருக்கும். எனக்கும் இருந்தது. தொகையைக் குறைக்க நல்ல வழி படி 1-க்குப் போவதுதான். மாதம் 5,000 பாட் குறைத்தால் மொத்தத்தில் 18 லட்சம் பாட் குறைகிறது.

கிராஜுவிட்டியை (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) நம்பிக் கணக்கு போடுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அமீரகத்தில் அது அடிப்படைச் சம்பளத்துக்குத்தான், மொத்தச் சம்பளத்துக்கு இல்லை. முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள், உச்சவரம்பு 2 ஆண்டுச் சம்பளம். அடிப்படை 8,000 திர்ஹாம், 20 ஆண்டு வேலை என்றால் 1,48,000 திர்ஹாம். பாட் கணக்கில் சுமார் 13 லட்சம். நம்மைப் போல வெளியிலிருந்து போனவர்களுக்கு அங்கே அரசு ஓய்வூதியம் கிடையாது. கடைசியில் கைக்கு வருவது இவ்வளவுதான்.

சேர்த்தது 1: வரி

மேலே இருப்பதைப் படித்துவிட்டு, வரியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் இருந்தால் நீங்கள் அங்கே வரி விஷயத்தில் உள்நாட்டவர். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி உண்டு. அதற்கு முன் சம்பாதித்த பணத்துக்கு இல்லை. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் எங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2024-க்குப் பின் வந்த வட்டியைத் தாய்லாந்துக்கு அனுப்பினால் அங்கே அது வருமானம். நான் முதலில் பழைய அசலிலிருந்துதான் அனுப்புகிறேன். 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் சாட்சி.

சேர்த்தது 2: வெளியே போய்வர

நீட்டிப்பு கையில் இருந்தாலும், மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஊருக்குப் போனால் அது ரத்தாகிவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வருடத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ போகிறவர்கள் பலமுறை அனுமதியே வாங்கிவிடுங்கள். மாதம் 65,000 காட்டும் வழியில் போகிறவர்கள், பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததாக பாஸ்புக்கில் குறியீடு விழுகிறதா என்று முதல் மாதமே பாருங்கள். சில பணம் அனுப்பும் செயலிகள் உள்ளூர்ப் பரிமாற்றமாகத்தான் போட்டுவிடும். அது செல்லாது.

சேர்த்தது 3: மனைவி

துபாயிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. "அண்ணா, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அண்ணி அங்க எப்படி இருப்பாங்க?"

மனைவி அதுவரை என் அனுமதியைச் சார்ந்த குடும்பத்தினராகத்தான் இருந்தாள். திருமணச் சான்றிதழுக்குச் சான்றொப்பமும் தாய் மொழிபெயர்ப்பும் வாங்கிக் கொடுத்தால் அவளுக்குத் தனி டெபாசிட் தேவையில்லை. அது மிச்சம் என்று இருந்துவிட்டேன். நான் இல்லை என்றால் அவள் தங்குவதற்கான அடிப்படையே போய்விடும். என் பெயரில் மட்டும் இருக்கும் 8 லட்சமும் அங்குள்ள நீதிமன்றம் வாரிசு நிர்வாகியை நியமிக்கும் வரை முடங்கிக் கிடக்கும். பணம் இருந்தும் அவள் கையில் எதுவும் இருக்காது.

அவளுக்கு 50 முடிந்ததும் அவள் பெயரில் தனிக் கணக்கு திறந்து 8,20,000 பாட் போட்டோம். தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு உயிலை வழக்கறிஞரிடம் எழுதி வைத்தேன். தம்பதியாக வருகிறவர்கள் படி 4-இல் 8,20,000 என்பதை 16,40,000 என்று திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் மொத்தம் இப்போது 2 கோடியே 2 லட்சத்து 60 ஆயிரம் பாட்.