புளோக்குக் கீழே ஒரே வாளியில் கார் கழுவுவது எப்படி?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் ரப்பர் குழாயை இழுத்து வைத்துக் கழுவ வசதியில்லை. வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு இறங்கலாம், அவ்வளவுதான். ரின்ஸ்லெஸ் வாஷ் என்னும், அலசத் தேவையில்லாத கழுவு திரவம் இருந்தால் அந்த ஒரு வாளியே ஒரு காருக்குத் தாராளம். சாதாரண கார் ஷாம்பு போட்டால் நுரையை அடித்து விரட்ட இன்னும் பல வாளி வேண்டும். ரின்ஸ்லெஸ் திரவத்தில் அலசும் வேலையே கிடையாது. கழுவிய ஈரத்தோடு துடைத்து உலர்த்திவிடலாம்.

தண்ணீரில் கலந்ததும் திரவத்திலுள்ள பாலிமர்கள் மண்துகளைச் சுற்றிக்கொள்கின்றன. துகளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் வழுக்கலும் கிடைக்கிறது. அதனால்தான் துணி அதை உராயாமல் தூக்கிவிடுகிறது. ஆனால் துணியில் ஏறிய மண்ணை மறுபடியும் பெயின்ட்டில் தேய்த்தால் எந்தத் திரவமும் காப்பாற்றாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு தவறு நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

தேவையானவை

10 லிட்டர் வாளி, 1 லிட்டர் தெளிப்பான் போத்தல், 40-க்கு 40 செ.மீ. மைக்ரோஃபைபர் துணி எட்டு, உலர்த்த இரண்டு பெரிய துணி, சக்கரத்துக்குப் பழைய துணி இரண்டு, பிழிந்துவிட ஒரு காலி வாளி. ஓரம் தைக்காத அல்லது மெல்லிய ஓரமுள்ள துணியாகப் பாருங்கள். முரட்டு நூல் ஓரம் கறுப்புக் காரில் கீறல் போடும். ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் மண் உள்ளே போகாமல் மேலேயே நின்று அரைக்கும்.

கலவை

ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற அடர்திரவங்களுக்கு 1:256 என்பது கழுவும் அளவு. 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 40 மி.லி.; 5 லிட்டருக்கு 20 மி.லி. இருமல் மருந்தோடு வரும் அளவுக் குவளையே போதும். வேறு பிராண்டு என்றால் போத்தலில் அச்சிட்டுள்ள அளவைப் பின்பற்றுங்கள். முதலில் போத்தலை நன்றாகக் குலுக்குங்கள், பிறகு ஊற்றுங்கள்.

நுரை வராது. வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அளவு மீறினால் காய்ந்த பிறகு கண்ணாடியிலும் கறுப்புப் பெயின்ட்டிலும் மங்கலான கோடுகள் நிற்கும். ஷாம்புவையும் இதையும் சேர்த்துக் கலக்கவும் கூடாது.

வாளியில் கை வைப்பதற்கு முன், அதே கலவையில் தெளிப்பானை நிரப்பிக்கொள்ளுங்கள். எட்டுத் துணிகளையும் வாளியில் ஊறப் போடுங்கள்.

இடமும் நேரமும்

வெயில் படாத தளம் வேண்டும். திறந்த மேல்தளத்தைத் தவிருங்கள். ஓட்டி வந்த கார் என்றால் அரை மணி நேரம் விடுங்கள். முன் மூடியில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் பொறுங்கள். சூடான உலோகத்தில் கலவை உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அப்படிக் காய்ந்துவிட்டால் வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள். மறுபடி தெளித்து, ஈரத் துணியால் ஒரு முறை இழுத்து, உடனே உலர்த்துங்கள். கோடு போய்விடும்.

கழுவுதல்

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். கூரையில் தொடங்கி, கண்ணாடிகள், முன் மூடி, பின் மூடி, கதவுகளின் மேல்பாதி, கடைசியில் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும். கீழே போகப் போக மண் கூடும், அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்த பாகம் முழுதும் நனையும்படி தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து, சொட்டுவது நிற்கும் அளவுக்கு மட்டும் லேசாகப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் வழுக்கலும் போய்விடும். இரண்டு முறை மடித்தால் 20 செ.மீ. சதுரமாகி, எட்டு முகங்கள் கிடைக்கும்.

துணியின் எடையே போதும், கையால் அழுத்தவே வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேர்கோட்டில் ஒரே இழுப்பு. வட்டமாகத் தேய்க்க வேண்டாம். இரண்டு இழுப்புக்குப் பிறகு முகத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறக் கறை விரவியிருந்தால் திரவம் வேலை செய்திருக்கிறது. அடுத்த முகத்துக்கு மாறுங்கள். மணல் போல் நறநறவென்று கைக்குத் தட்டுப்பட்டால் அந்த முகத்தோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு முறை தெளியுங்கள்.

எட்டு முகமும் முடிந்த துணி காலி வாளிக்குப் போகும். கலவை வாளிக்குள் திரும்பவே கூடாது. இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் கடைசிப் பம்பர் வரை வாளித் தண்ணீர் சுத்தமாகவே இருக்கும். தரையில் விழுந்த துணியும் அன்றைக்குப் பெயின்ட்டைத் தொடக் கூடாது, சக்கரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கழுவிய பாகத்தை அது காயுமுன் உலர்த்துங்கள். பெரிய துணியை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் பாதி ஈரம் போகும். இரண்டாவது துணியால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். பிறகே அடுத்த பாகம்.

சக்கரம் எல்லாவற்றுக்கும் கடைசி. பிரேக் தூளில் இரும்புத் துகள் இருக்கும், அந்தத் துணிகளைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முரண்டு பிடிக்கும் அழுக்கு

மைனா எச்சமும் மரப்பிசினும் இங்கே தப்பாத தொல்லை. எச்சத்தைச் சுரண்டினால் அதிலுள்ள விதையும் மணலும் கீறும். கலவையில் நனைத்த துணியை அதன் மேல் போர்த்தி ஐந்து நிமிடம் விட்டால் இளகி, தூக்கும்போது கூடவே வந்துவிடும். எச்சத்தை மட்டும் வாரக் கடைசி வரை விட்டுவைக்காதீர்கள், வெயிலில் அது பெயின்ட்டையே அரித்துத் தடம் பதிக்கும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மலேசியா போய் வந்தால் முன் பம்பரில் காய்ந்திருக்கும் பூச்சிகளுக்கும் இதே வழி. பிசினுக்கு இந்தத் திரவம் பத்தாது. அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது.

பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டப்படும் புதிய வீவக வீடுகள்) கட்டுமானத் தளத்துக்குப் பக்கத்தில் நிறுத்திய காரில் சிமெண்டுத் தூள் மொத்தமாகப் படிந்திருந்தாலோ, சேறு கட்டியாகத் தெரிந்தாலோ, இந்த முறை அன்றைக்குச் சரிப்படாது. உயர் அழுத்த நீர் கிடைக்கும் இடத்தில் மேல்மண்ணை அடித்துத் தள்ளிவிட்டு வந்து தொடங்குங்கள். வாரம் ஒரு முறை துடைக்கும் காருக்கு அந்த அவசியம் அநேகமாக வராது.

முடிந்த பிறகு

அழுக்குத் தண்ணீரைக் கார்நிறுத்துமிடத்து வடிகாலில் கொட்டாதீர்கள். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே வடிகாலில் போவது கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும், நாளைக்கு நாம் குடிப்பதும் அதைத்தான். வாளியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழிவறையில் ஊற்றுங்கள்.

துணிகளை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல், கொஞ்சம் திரவச் சோப்பு மட்டும் போட்டுத் துவையுங்கள். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றினால் இழைகளில் படலம் படிந்து நீர் உறிஞ்சாது. அந்தத் துணி அடுத்த முறை ஈரத்தை இழுக்காமல் தள்ளிக்கொண்டே போகும். மூங்கில் கழியில் நிழலில் காயவிட்டு, மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.