ஆத்தங்குடித் தரையும் அரை லிட்டர் ஆசிட்டும்

திங்கட்கிழமை காரைக்குடிச் சந்தைக்குப் போன இடத்தில்தான் என் தரைக்கு வைத்தியம் கிடைத்தது. எங்கள் வீட்டு முன்பகுதியில் (முதல் கட்டு) ஆத்தங்குடிக் கல், அதாவது காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூப்போட்ட தரை ஓடு. புளிக்குழம்பு கொட்டிய கறை போகவில்லையே என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டேன். நுரைத்தது. கறை போச்சு, கூடவே சிவப்புப் பூவின் பளபளப்பும் போய், சாண் அளவு இடம் சாக்பீஸ் தடவியதுபோல வெளுத்துக் கிடந்தது.

காய் வாங்கி, செக்காலை ரோட்டில் மிக்ஸி ஜாரைப் பழுதுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஹார்ட்வேர் கடை. பாலிஷ் கேட்டேன். கடைக்காரர் டப்பாவை எடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற கொத்தனார் குறுக்கே வந்தார்.

"அண்ணே, அது சூளையில வெந்த கல் இல்ல, சிமெண்டு. கண்ணாடி மேல வார்த்தது. ஆசிட் பட்டா அரிச்சிரும். தேங்காயெண்ணெய் போடுங்க, போதும்."

கடைக்காரர் முகம் லேசாகச் சுருங்கியது.

வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரால் நாலு முறை கழுவினேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். ஈரத்தில் எண்ணெய் இறங்காது. அப்புறம் பழைய வேட்டித் துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டு வட்டமாகத் தேய்த்து, அரை மணி கழித்து மிச்சத்தை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தேன். அதிகம் ஊற்றினால் வழுக்கும், தூசியும் ஒட்டும். மூன்று இரவு இப்படிச் செய்ததில் சிவப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் மட்டும் நகம் அளவு சொரசொரப்பு. அரித்த சிமெண்டை எண்ணெய் என்ன செய்யும்? அப்பத்தா அதன்மேல் முக்காலியை நகர்த்திப் போட்டுவிட்டார்.