பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்களா? உடனே செய்ய வேண்டியவை

முதலில் பிள்ளையைத் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். வீட்டில் தெரிந்தால் அடி விழும் என்ற பயத்தை நம்பித்தான் இந்த மிரட்டலே நடக்கிறது. சொன்னது நல்லது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், அன்றிரவு தனியாக விடாதீர்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். இன்னொரு படம் அனுப்பினால் விட்டுவிடுகிறேன் என்பதும் அதே வலைதான்.

பதற்றத்தில் சாட் மெசேஜ்களை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். கணக்கின் பெயர், அதன் லிங்க், மிரட்டிய மெசேஜ்கள், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாம் தேதியோடு தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஆனால் அந்தரங்கப் படம் அதில் வரக் கூடாது. ஆதாரத்துக்காகக்கூட அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள், பல நாடுகளில் அதுவே குற்றம். அப்புறம் ஆப்பிலேயே ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்து, போலீஸுக்குப் போங்கள்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது, எந்த நாட்டிலிருந்தும் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம், படம் 18 வயதுக்கு முன் எடுத்ததாக இருந்தால் போதும். படத்தை யாரோ பார்ப்பார்களே என்று பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகவே போகாது. கைரேகை மாதிரி ஒரு குறியீடு, ஹாஷ் என்பார்கள், போனிலேயே உருவாகி அது மட்டும்தான் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்றவை அதை வைத்துத் தங்கள் தளத்தில் தேடி நீக்கும். ஹாஷ் எடுக்கப் படம் கையில் இருக்க வேண்டும், அதனால் அதற்கு முன் அழித்துவிடாதீர்கள்.

இதில் சேராத தளங்களிலும், எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் உள்ள, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத மெசேஜ்களிலும் இது வேலை செய்யாது. நிறுவனங்கள் மனம் வைத்துச் சேர்ந்தால்தான் படம் நீங்கும் என்ற நிலையே தவறு என்பேன். அமெரிக்காவில் 2025-இல் இதே பெயரில் வந்த சட்டம், முறையான புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் படத்தை நீக்கச் சொல்கிறது, ஏஐ வைத்துச் செய்த போலிப் படங்களுக்கும் சேர்த்து. மற்ற நாடுகளும் இப்படிக் கெடு வைத்தாக வேண்டும்.

ஏதாவது இணையதளத்தில் படம் ஏறிவிட்டால் டவுன்லோடு செய்யாமல் லிங்க்கை மட்டும் காப்பி செய்து, குழந்தைகளின் பாலியல் படங்களை இணையத்திலிருந்து நீக்க வைக்கும் பிரிட்டன் அமைப்பான இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷனிடமோ உங்கள் நாட்டுப் புகார் மையத்திலோ கொடுங்கள்.