தண்ணீர்ப் பரிசோதனை டேட்டாவைப் பல துறைகளோடு பகிர்வது எப்படி?

பொடோமேக் ஆறு மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, வர்ஜீனியா, தலைநகர் வாஷிங்டன் என்று எல்லைகளை ஒட்டியே ஓடுகிறது. ஒவ்வொரு எல்லைக்குள்ளும் ஒரு துறை தண்ணீரைப் பரிசோதிக்கிறது. மத்திய அரசின் நிலவியல் ஆய்வுத்துறையும் தனியாகப் பரிசோதிக்கிறது. ஒருவர் எழுதி வைத்தது இன்னொருவருக்குப் புரியவில்லை என்றால், அந்த ஆற்றைப் பற்றி யாருக்குமே முழுசாகத் தெரியாது.

இதற்காகத்தான் அமெரிக்காவில் 2012-இல் ‘வாட்டர் குவாலிட்டி போர்ட்டல்’ வந்தது. 400-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் அளவீடுகள் அதில் ஒரே இடத்தில் தேடக் கிடைக்கின்றன. மாநிலங்கள், பழங்குடி அரசுகள், தன்னார்வக் குழுக்கள் எல்லாம் டேட்டாவை அனுப்பும் வழி ‘டபிள்யூ.கியூ.எக்ஸ்.’ எனப்படும். அதை நடத்துவது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈ.பி.ஏ. இதற்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த விளக்கம்.

படி 1: பதிவு

டேட்டாவைப் பெற்றுக்கொள்ளும் ஈ.பி.ஏ.வின் ‘சி.டி.எக்ஸ்.’ தளத்தில் கணக்கு தொடங்குங்கள். உங்கள் அமைப்புக்கென ஓர் அடையாளக் குறியீடும் கேட்டு வாங்க வேண்டும். அது வருவதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

படி 2: எக்செல் தாளைப் பிரியுங்கள்

பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் ஒரே தாளில் எல்லாவற்றையும் போட்டுத் தரும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: எந்தத் திட்டத்துக்காக எடுத்தது, எந்த இடத்தில் எடுத்தது, என்ன முடிவு வந்தது. இடத்தின் விவரத்தை ஒரு தடவை எழுதினால் போதும். முடிவுத் தாளில் ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனி எண் கொடுத்துவிடுங்கள், பின்னால் ரொம்பத் தேவைப்படும்.

படி 3: எண்ணைத் தனியாக விடாதீர்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். உங்கள் தாளில் ‘நைட்ரேட் 9’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 9 மில்லிகிராம். சரி, எதன் 9? சில ஆய்வுக்கூடங்கள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டுச் சொல்லும், சில முழு நைட்ரேட்டையும் சொல்லும். நைட்ரஜனாக 9 என்றால் முழு நைட்ரேட்டாக அது கிட்டத்தட்ட 40. குடிநீருக்கு அமெரிக்க வரம்பு நைட்ரஜனாக 10. இந்தியத் தர நிர்ணயத்தில் வரம்பு முழு நைட்ரேட்டாக 45. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான், சொல்லும் விதம்தான் வேறு. நைட்ரஜனாக அளந்த 9-ஐ அந்தக் குறிப்பு இல்லாமல் எடுத்து 45-உடன் ஒப்பிடுபவர், ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடுவார். உண்மையில் அந்தத் தண்ணீர் வரம்பைத் தொடப்போகிறது. அதைக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் ஒரு வரி இப்படி இருக்கட்டும்:

இடம்: பாலம்-01. தேதி: 2024-05-14. நேரம்: 09:40, கிழக்குப் பகுதிக் கோடைகால நேரம். பொருள்: நைட்ரேட், நைட்ரஜனாக. சாம்பிள்: வடிகட்டியது. அளவு: 2.1. அலகு: மி.கி./லி.

இதோடு பரிசோதனை முறையின் பெயரையும் சேருங்கள். பொருளின் பெயரை உங்கள் வழக்கப்படி எழுதாமல், டபிள்யூ.கியூ.எக்ஸ். பட்டியலில் உள்ளபடியே எடுத்துப் போடுங்கள்.

படி 4: பூஜ்யம் போடாதீர்கள்

கருவிக்குப் பிடிபடாத அளவு என்றால் பலர் 0 போடுகிறார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். இரண்டும் தவறு. காலிக் கட்டத்தைப் பார்ப்பவர் பரிசோதனையே நடக்கவில்லை என்று எண்ணுவார். 0 என்றால் துளியும் இல்லை என்று நீங்களே சான்று கொடுத்த மாதிரி. ‘கண்டறியப்படவில்லை’ என்ற குறிப்பைத் தேர்ந்தெடுத்து, எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 5: ஏற்றுங்கள்

‘டபிள்யூ.கியூ.எக்ஸ். வெப்’ கருவியில் உங்கள் தாளின் எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒருமுறை அமைத்துவிட்டால் அடுத்தடுத்த தடவைக்கும் அதுவே உதவும். முதலில் திட்டத்தையும் இடங்களையும் ஏற்றுங்கள், அப்புறம் முடிவுகளை. பிழைப் பட்டியல் நீளமாக வந்தால் பயப்பட வேண்டாம், முக்கால்வாசி ஒரே எழுத்துப்பிழை திரும்பத் திரும்ப வந்ததாக இருக்கும். பிழை தீர்ந்ததும் சி.டி.எக்ஸ். வழியாக அனுப்பிவிட்டு, ஏற்கப்பட்டதா என்ற அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.

படி 6: வெளியாள் மாதிரி தேடுங்கள்

போர்ட்டலில் டேட்டா வந்தபின், யாரோ ஒருவர் போல உங்கள் அமைப்பைத் தேடி, ஃபைலை இறக்கிப் பாருங்கள். வரைபடத்தில் புள்ளி ஆற்றின் மேல்தான் விழுகிறதா? வாஷிங்டனின் தீர்க்கரேகை −77. அந்தக் கழித்தல் குறி விட்டுப்போனால் இடம் சீனாவின் ஷின்ஜியாங்கில் போய் நிற்கும்.

தவறு தெரிந்தால் உங்கள் மூலத் தாளிலேயே திருத்தி, அதே சாம்பிள் எண்ணோடு மறுபடி அனுப்புங்கள். பழைய பதிவின் இடத்தில் புதியது வந்து உட்காரும். எண்ணை மாற்றி அனுப்பினால் பழைய தவறும் புதிய திருத்தமும் இரண்டு சாம்பிள்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.