கறிக்கோழிக்குத் தடுப்பூசி பலிக்கத் தீவனத்தில் கவனிக்க வேண்டியவை

கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பூசியும் இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்த் தடுப்பூசியும் கொடுத்து, ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் விற்றுவிடுகிறோம். காலம் இவ்வளவு குறைவாக இருப்பதால் தீவனம் முதல் நாளிலிருந்தே சரியாக இருக்க வேண்டும். தடுப்பூசிக்கு முந்தைய நாள் டானிக் ஊற்றுவதால் பெரும்பயன் கிடைப்பதில்லை.

எதையும் சேர்ப்பதற்கு முன் மக்காச்சோளத்தைச் சோதியுங்கள். ஈரம் காயாத சோளத்தில் வளரும் பூஞ்சையின் நச்சான அஃப்ளாடாக்சின், நோயெதிர்ப்பு அணுக்கள் முதிரும் உறுப்புகளான பர்சாவையும் தைமஸையும் சுருங்கச் செய்து, நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாவதையே குறைத்துவிடும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் உள்ள சரக்கை வாங்கி இருப்பு வைக்காதீர்கள். பென்டோனைட் போன்ற களிமண் வகை டாக்சின் பைண்டர்கள் (நச்சுப் பிடிப்பான்கள்) அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டி-2 போன்ற பிற பூஞ்சை நச்சுகளுக்கு அவற்றை நம்ப முடியாது. என் கருத்தில், கையிலுள்ள பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து, நோயெதிர்ப்புக்கு உதவும் வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் ஆகியவை. செலினியம் அளவு மீறினால் நஞ்சாகும். பிரீமிக்ஸில் (வைட்டமின், தாதுக் கலவையில்) ஏற்கெனவே இருப்பதைக் கணக்கிடாமல் தனியாகச் சேர்க்கக் கூடாது. ஈஸ்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கனும் மன்னான் ஒலிகோசாக்கரைடும் ஆன்டிபாடி அளவைக் கூட்டியதாகப் பல ஆய்வுகள் காட்டினாலும், பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. சூடேற்றி அழுத்திய பெல்லட் தீவனத்தில் புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிர்) சேர்ப்பதானால் சூட்டைத் தாங்கும் பேசில்லஸ் வித்து வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் புரோபயாட்டிக் வீணாகலாம்.

குடிநீரில் தடுப்பூசி கொடுக்கும்போது குளோரினும் அமில மருந்துகளும் உயிருள்ள வைரஸை அழித்துவிடும் என்பதால், அவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கலந்து, குளிர்ந்த வேளையில் இரண்டு மணி நேரத்துக்குள் குஞ்சுகள் குடித்து முடிக்கும்படி செய்யுங்கள்.

பலன் கிடைத்ததா என்பதை இரத்தப் பரிசோதனையால்தான் அறிய முடியும். தாய்க்கோழியிடமிருந்து வரும் ஆன்டிபாடி குஞ்சுக்குக் குஞ்சு மாறுவதால், ஒரே பொரிப்பில் வந்த குஞ்சுகளை இரண்டு கொட்டகைகளில் விட்டு, ஒன்றுக்கு மட்டும் சேர்க்கைப் பொருளைக் கொடுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்ட இரண்டு முதல் மூன்று வாரத்தில் இரு கொட்டகைகளிலும் இரத்தம் எடுத்து, ஆன்டிபாடி அளவைக் காட்டும் ஹெச்.ஐ. பரிசோதனைக்கு அனுப்புங்கள், கம்போரோவுக்கு அதே அளவைக் காட்டும் எலைசா பரிசோதனை தேவை. இரு கொட்டகைகளிலும் ஆன்டிபாடி அளவு தாழ்ந்தும் ஒழுங்கற்றும் இருந்தால், புதிய பொருளை வாங்குவதற்கு முன் தடுப்பூசியைக் குளிர்பதனத்தில் வைத்த முறையையும் கொடுத்த முறையையும் கால்நடை மருத்துவருடன் சேர்ந்து ஆராயுங்கள்.