மகள் விமானம் ஓட்டப் பழகுகிறாள், பின்சீட்டில் நீங்களா? ஏறும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் 16 வயதில் பிள்ளைகள் தனியாக விமானம் ஓட்டலாம். 17 வயதில் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கலாம். லைசென்ஸ் கைக்கு வரும்வரை மாணவர்கள் பயணிகளை ஏற்றக்கூடாது என்பது அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி. அதுவரை நாம் கூடப் போவதற்கு ஒரே வழிதான் உண்டு: பயிற்சியாளர் முன்சீட்டில் இருக்கும் பாடத்தில் பின்னால் உட்காருவது. என் மகள் கலிஃபோர்னியாவில் லிவர்மோர் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற நாலு சீட்டுச் சின்ன விமானத்தை ஓட்டப் பழகுகிறாள். உயரம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் பெற்றோர் ஒருமுறையாவது பின்சீட்டில் போய்வர வேண்டும் என்றுதான் சொல்வேன். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்துகொள்வது அதைவிடக் கொடுமை.

ஆரம்பப் பாடங்களுக்குப் போகாதீர்கள். நேராகப் பறக்கவும் திருப்பவும் பிள்ளைக்குக் கொஞ்சம் கை பழகட்டும். பிறகு முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், அப்புறம் பயிற்சியாளரிடம். "இன்னைக்கு வேண்டாம்மா" என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

சம்மதித்தால் உங்கள் எடையைக் கேட்பார்கள். உடுப்பு, காலணி, கைப்பை எல்லாம் சேர்த்து உண்மையான எடையைச் சொல்லுங்கள். 172-எஸ் ரகம் 2,550 பவுண்டுக்கு மேல் கிளம்பக்கூடாது. விமானப் பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு. டேங்க் நிறைந்தால் பயன்படும் 53 கேலன் என்றால் அதுவே 318 பவுண்டு. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பாரத்தின் மையமும் பின்னுக்குப் போகும், ஓட்டுபவர் கைக்கு விமானம் வேறு மாதிரித் தெரியும். இந்தக் கணக்கைப் போடுவது மகளின் வேலை. கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் அவள் கணக்குத் தப்பாகிவிடும்.

காலைப் பாடமாகப் பார்த்துப் போங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் தரை சூடேறி விமானம் குலுங்கும். லிவர்மோர் பக்கத்து ஆல்டமாண்ட் கணவாயில் காற்றும் பலமாக அடிக்கும். அங்கே காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காகத்தான். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், வயிறுமுட்டவும் சாப்பிடாதீர்கள். ரெண்டு இட்லி, பையில் இஞ்சி மரப்பா, வாந்தி எடுக்க ஒரு கவர் போதும். மேலே போனதும் குனிந்து போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

புறப்படும் முன் மகள் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குப்பியை அழுத்திப் பெட்ரோல் பிடிப்பாள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். 100 எல்.எல். என்ற ரக விமானப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தண்ணீர் இருந்தால் நிறமில்லாமல் அடியில் தனியாகத் தங்கிவிடும். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், போட்டோவுக்கு நிற்கச் சொல்லாதீர்கள். சோதனையின் நடுவில் யாராவது கூப்பிட்டால் ஒன்று விட்டுப்போகும். எஞ்சின் ஓடாவிட்டாலும் புரொப்பெல்லர் பக்கம் போகவே வேண்டாம், எப்போதும் இறக்கைக்குப் பின்பக்கமாக நடந்து வாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முன்சீட்டின் முதுகைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தச் சீட்டு தண்டவாளத்தில் நகர்வது, ஒரு பின்தான் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஓடுபாதையில் அது பின்னால் சறுக்கினால் ஓட்டுபவரின் கையும் காலும் எட்டாமல் போகும்.

மேலே போனதும் நடப்பவற்றில் பாதி, தெரியாதவருக்கு விபத்து போலத்தான் இருக்கும். அதனால் இவற்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சியாளர் திடீரென்று திராட்டிலை, அதாவது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, இழுத்து எஞ்சினை அடக்குவார். இரைச்சல் அடங்கும், மூக்கு தாழும். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை இது. எஞ்சின் இல்லாவிட்டாலும் 172 கல் மாதிரி விழாது. ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய ஒன்பதாயிரம் அடி முன்னால் மிதந்து போகும். மகள் முதலில் வேகத்தை 68 'நாட்' அளவில் (மணிக்குச் சுமார் 126 கி.மீ.) நிறுத்துவாள், பிறகு இறங்க ஒரு வயலைத் தேடுவாள். அவள் தலை இப்படியும் அப்படியும் திரும்புவது தேடுவதற்காக, பதற்றத்தில் அல்ல.

இன்னொன்று 'ஸ்டால்' பயிற்சி. வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அதற்குச் சற்று முன்பே ஒரு ஊளைச் சத்தம் கேட்கும். இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள துளை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு, நாகஸ்வரச் சீவாளியைப் போல ஒரு நாக்கை அதிரவைக்கிறது. அந்தச் சத்தம் கேட்கிறதென்றால் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். மகள் மூக்கைத் தாழ்த்துவாள், வயிறு ஒருமுறை மேலே எழும்பும், விமானம் மறுபடி பறக்கும். வயிறு தாங்காது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பாடத்தை நீங்கள் இல்லாத நாளுக்கு மாற்றிவைப்பார்கள்.

பக்கக்காற்றில் இறங்கும்போது மூக்கு ஓடுபாதையைப் பார்க்காமல் கோணலாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தரைக்கு அருகே வந்தபின் மறுபடி மேலே கிளம்பினால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சரியில்லாத இறக்கத்தைக் கைவிடத் தெரிந்த பிள்ளை நல்ல பைலட் ஆவாள்.

இத்தனையிலும் உங்கள் வேலை பேசாமல் இருப்பது. ஹெட்செட் மைக் குரல் கேட்டதும் தானாகத் திறந்துகொள்ளும். நீங்கள் "ஐயோ" என்று மூச்சை இழுத்தால் அது நேராக மகளின் இரண்டு காதிலும் விழும். அதே நொடியில் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் அவளுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அடக்க முடியாது என்றால் மைக்கை வாயிலிருந்து தள்ளி வையுங்கள். தோளைத் தொடாதீர்கள். பேச வேண்டிய இடமும் உண்டு: வேறு விமானம் கண்ணில் பட்டால் "பத்து மணித் திசையில், நம்மைவிடக் கீழே" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள் (மூக்கு இருக்கும் பக்கம் கடிகாரத்தின் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்). மூன்றாவது ஜோடிக் கண் இருப்பது எல்லோருக்கும் நல்லது. விமானம் யார் கையில் இருக்கிறது என்ற கவலை வந்தால் காதைத் தீட்டிக் கேளுங்கள். "ஐ ஹேவ் த ஃபிளைட் கன்ட்ரோல்ஸ்" என்று பயிற்சியாளர் சொன்னால் மகளும் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகே விமானம் கைமாறும்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. ஒருநாள் காற்றைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேண்டாம்மா, திரும்பிடலாம்" என்று மகள் சொல்வாள். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே", "காசு கட்டியாச்சே" என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. முகத்திலும் காட்டாதீர்கள். வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தை எந்தக் கருவியும் தராது. அது இந்த வயதில், பெற்றோர் எதிரில்தான் உருவாகிறது. "சரிம்மா" என்று கார் சாவியை எடுங்கள், போதும்.

பறந்து முடிந்தபின் காரில் நீங்களாகக் கேள்வி கேட்காதீர்கள். பயிற்சியாளர் சொன்னதையே திரும்பச் சொல்லவும் வேண்டாம். பசிக்கும், சாப்பாட்டுக்குக் கூட்டிப் போங்கள். அவளே ஆரம்பிப்பாள், ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டாள்.

லைசென்ஸுக்குச் சட்டப்படி பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆகும். அது கிடைத்தபின் நீங்கள் முன்சீட்டுக்கு மாறலாம். அப்போது பாதம் இரண்டையும் பெடலிலிருந்து விலக்கித் தரையில் வையுங்கள், எதிரில் ஆடும் யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கை, தொடாதீர்கள். சீட்டு பூட்டிக்கொண்டதா என்று உடம்பை அசைத்துப் பாருங்கள். பயணியை ஏற்றுபவர் முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது விதி. "எப்போம்மா கடைசியாப் பறந்தே?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல பைலட் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள்.